கனடாவின் எண்ணெயும் ஒற்றை வாசலும்

கனடா தேசத்தின் பிரதம மந்திரி மிஸ்டர் மார்க் கார்னியும் ஆல்பர்ட்டா மாகாணத்தின் முதல் மந்திரி ஸ்ரீமதி டேனியல் ஸ்மித்தும் 2025-ம் வருஷம் நவம்பர் 27-ந் தேதி காலகரி நகரில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஆல்பர்ட்டாவில் எடுக்கும் எண்ணெயைத் தினந்தோறும் பத்து லட்சம் பீப்பாய்க்குக் குறையாமல் பஸிபிக் சமுத்திரக் கரைக்குக் கொண்டு செல்லும் புதிய குழாய் ஒன்றுக்கு மத்திய சர்க்கார் ஆதரவு தருவது என்பது அதன் சாரம். கையெழுத்தான அன்றைக்கே எதிர்ப்பும் கிளம்பிவிட்டது. மத்திய மந்திரி ஒருவர் ராஜிநாமா செய்தார். குழாய் சென்று முடியவேண்டிய பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் முதல் மந்திரி அதிருப்தி தெரிவித்தார். கடலோரப் பூர்வகுடி மக்களின் தலைவர்கள், தங்கள் கடலில் எண்ணெய்க் கப்பலுக்கு ஒருநாளும் இசையோம் என்றார்கள்.

பூமியின் மறுபுறத்தில் நடக்கும் ஒரு குழாய்ச் சச்சரவு நம் நேயர்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். ஒரு தேசம் தன் மண்ணில் விளையும் பொருளுக்குத் தானே எஜமானனாக இருப்பது எதனால், அவ்வுரிமை கைநழுவிப் போவது எதனால் என்பதை விளக்க இதனினும் தெளிவான திருஷ்டாந்தம் இக்காலத்தில் கிடைப்பது அரிது. பூமிக்கடியில் செல்வம் இருப்பது வேறு. அதைத் தான் விரும்பியவருக்கு நியாயமான விலைக்கு விற்கும் சக்தி இருப்பது வேறு. முன்னது இயற்கையின் கொடை. பின்னது மனிதர் முயன்று தேடிக்கொள்ள வேண்டியது. கனடாவுக்கு முன்னது ஏராளமாக உண்டு. பின்னது இன்னும் அரைகுறையாகவே இருக்கிறது. கடற்கரைக்கும், தன் கிழக்கு மாகாணங்களுக்கும், சொந்த மண்ணின் வழியாகவே எண்ணெய்க் குழாய் அமைத்துக்கொள்வது அத்தேசத்தின் பொருளாதார நலனுக்கும் பாதுகாப்புக்கும் அவசியம் என்பது நம் அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களையும், எதிர்த்தரப்பார் கூறும் ஆட்சேபங்களையும் ஒருங்கே ஆராய்வோம்.

கனடாவில் எடுக்கத்தக்கதாகக் கணக்கிட்டிருக்கும் எண்ணெய் 16,000 கோடி பீப்பாய்க்கு மேல். இவ்விஷயத்தில் அதற்கு முன் நிற்பவை வெனிசுவேலா, சவூதி அரேபியா, ஈரான் ஆகிய தேசங்களே. தினம் சுமார் 50 லட்சம் பீப்பாய் வெளியே வருகிறது. அதில் பெரும்பகுதி ஆல்பர்ட்டாவின் வடபாகத்தில் மணலோடு கலந்து கிடக்கும் கனத்த எண்ணெய். ஆல்பர்ட்டாவோ கடலைக் காணாத மாகாணம். மேற்கே ராக்கி மலைத்தொடர், கிழக்கே ஆயிரக்கணக்கான மைல் சமவெளியும் அதற்கப்பால் பாறைக் காடும், வடக்கே பனி. தெற்கே மாத்திரம் திறந்த வெளி. அத்திசையில் இருப்பது அமெரிக்க ஐக்கிய நாடு. தண்ணீர் பள்ளத்தை நாடுவதுபோல் எண்ணெயும் சுலபமான வழியை நாடித் தெற்கே ஓடிற்று. 2024-க்கு முந்திய வருஷங்களில் கனடா வெளியே அனுப்பிய கச்சா எண்ணெயில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் அந்த ஒரே நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இந்நிலை எவ்வாறு ஏற்பட்டது? 1947 பிப்ரவரியில் எட்மண்டன் நகருக்கு அருகே லெடூக் என்னுமிடத்தில் பெரிய எண்ணெய் ஊற்று அகப்பட்டது. ஜனநெருக்கமும் தொழிற்சாலைகளும் மிகுந்த கிழக்குப் பிரதேசத்துக்கு அதைக் கொண்டுபோகக் குழாய் வேண்டியிருந்தது. 1950-ல் குழாய் முடிந்தபோது, அது கனடாவின் மண்ணிலேயே கிழக்கு நோக்கிச் செல்லாமல், எல்லையைத் தாண்டி அமெரிக்காவின் சுப்பீரியர் துறைமுகத்தில் போய் நின்றது. 1953-ல் அங்கிருந்து விஸ்கான்சின், மிச்சிகன் ராஜ்யங்களின் வழியாக 645 மைல் நீண்டு, மீண்டும் கனடாவுக்குள் நுழைந்து, ஒன்டாரியோ மாகாணத்துச் சார்னியா நகரை அடைந்தது. ஐந்தாம் நெம்பர் குழாய் என்று இன்று வழங்குவது இதுவே. பெரிய ஏரிகளுக்கு வடக்கே பாறையை உடைத்துப் போவதைவிடத் தெற்கே அயல்நாட்டின் வழியாகச் சுற்றுவது செலவு குறைவு. அந்தச் சிக்கனமே வழியைத் தீர்மானித்தது.

அதே தேசம் இயற்கை வாயு விஷயத்தில் வேறு விதமாக நடந்துகொண்டது என்பது கவனிக்கத்தக்கது. ஆல்பர்ட்டாவின் வாயுவைக் கிழக்கே கொண்டுபோகும் குழாயைப் பற்றி 1956-ல் ஆட்டவா பார்லிமெண்டில் பெரும் போராட்டம் நடந்தது. மந்திரி மிஸ்டர் ஸி. டி. ஹௌ, குழாய் முழுவதும் கனடாவின் மண்ணிலேயே போகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். லாபம் தராத வடக்கு ஒன்டாரியோப் பாறைப் பகுதியைப் பொதுப் பணத்தில் கட்டவும் ஏற்பாடு செய்தார். விவாதத்துக்கு இடங்கொடாமல் மசோதாவை நிறைவேற்றிய முறை ஜனங்களுக்குக் கோபமூட்டிற்று. அடுத்த வருஷத் தேர்தலில் அவர் கட்சி ஆட்சியை இழந்தது. அந்த முறையை நாமும் ஆதரிக்க மாட்டோம். ஆயினும் குழாய் 1958-ல் முடிவடைந்தது. வாயுவுக்குச் சொந்த வழி கிடைத்தது. எண்ணெய்க்கு அத்தகைய வழி கிடைக்கவில்லை. அந்த வித்தியாசத்தின் பலனைத்தான் கனடா இன்று அனுபவிக்கிறது.

முதலில் விலையின் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் ஊரில் ஒரே நெல் வியாபாரி இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். களத்துமேட்டில் நெல் குவிந்து கிடக்கிறது, வானம் கறுக்கிறது, வேறு சந்தைக்குப் போக வண்டிப்பாதை இல்லை. அவன் சொன்னதே விலை. குடியானவன் அன்று அவனோடு வாதம் செய்ய முடியாது. கனடாவின் எண்ணெய்க்காரர்களின் நிலை பல வருஷங்களாக இதுவே. அவர்களுடைய எண்ணெய் கனத்தது, சுத்தி செய்வதற்குச் செலவு அதிகம், சந்தையும் தூரம். ஆகையால் அமெரிக்க எண்ணெயைவிட ஓரளவு குறைந்த விலைக்குப் போவது இயல்பே. ஆனால் 2018-ம் வருஷம் அக்டோபர், நவம்பர் மாதங்களில் அந்த வித்தியாசம் பீப்பாய் ஒன்றுக்கு 40 டாலருக்கு மேல் போயிற்று. உலகச் சந்தையில் எண்ணெய் மலிந்துபோனது இதற்குக் காரணமன்று. எடுத்த எண்ணெயை வெளியே அனுப்பக் குழாயில் இடமில்லை என்பதே காரணம்.

அதன் விளைவு என்ன? பூமியில் பொருள் இருந்தும், வாங்குபவர் உலகெங்கும் இருந்தும், தன் மாகாணத்துக் கம்பெனிகளைக் குறைவாக எடுக்கும்படி ஆல்பர்ட்டா சர்க்காரே உத்தரவிட வேண்டி வந்தது. 2019 ஜனவரி முதல் தினம் 3,25,000 பீப்பாய் குறைக்கும்படி கட்டளை பிறந்தது. கட்டுப்பாடு 2020-ம் வருஷக் கடைசி வரையில் நீடித்தது. விளைந்த பயிரை அறுக்காதே என்று அரசே சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இவ்விஷயத்தில் நஷ்டமடைந்தவர்கள் கம்பெனி முதலாளிகள் மாத்திரம் என்று எண்ணுவது பிசகு. பூமிக்கடியிலுள்ள எண்ணெய் பெரும்பாலும் மாகாணத்தின் பொதுச் சொத்து. அதற்குரிய பங்குத் தொகையில்தான் பள்ளிக்கூடங்களும் ஆஸ்பத்திரிகளும் ஒரு பகுதி நடக்கின்றன. மத்திய சர்க்காரின் வரி வருமானத்தில் ஒரு பங்கும் அதிலிருந்தே பிற மாகாணங்களுக்குப் போய்ச் சேருகிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தினம் 30 லட்சம் பீப்பாய் கனத்த எண்ணெய் வெளியே போகிறது என்று வைத்துக்கொண்டால், பீப்பாய்க்கு ஒரு டாலர் விலை குறைவது வருஷத்துக்கு ஏறக்குறைய 110 கோடி டாலர் நஷ்டம். ஐந்து டாலர் குறைந்தால் 550 கோடி. பத்து டாலர் குறைந்தால் 1,100 கோடி. வழியில்லாத காரணத்தால் ஒரு தேசம் வருஷந்தோறும் தன் அயலானுக்கு இனாமாக அளிக்கும் தொகை இது. மலிவாக வாங்கிய எண்ணெயைச் சுத்திசெய்து உலக விலைக்கு விற்ற லாபம் எல்லைக்கு அப்பால் தங்கிவிட்டது. வாங்கியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. மலிவாகக் கிடைத்தால் யாரும் வாங்குவார்கள். குறை விற்றவர்களுடைய முன்யோசனையின்மையில்தான் இருக்கிறது.

இரண்டாவது, பாதுகாப்பு. கனடாவின் கிழக்குப் பகுதி எண்ணெய்க்கு யாரை நம்பியிருக்கிறது என்பதைப் பார்த்தால் விந்தையாக இருக்கும். 1941-ல், யுத்த காலத்தில், ஜெர்மானிய நீர்மூழ்கிகளுக்கு அஞ்சி, அமெரிக்காவின் போர்ட்லண்ட் துறைமுகத்திலிருந்து மாண்ட்ரீல் நகருக்கு ஒரு குழாய் போட்டார்கள். கடலைவிடக் குழாய் பத்திரம் என்ற பாடத்தை யுத்தம் கற்பித்தது. ஆனால் சமாதானம் வந்ததும் பாடம் மறந்துபோயிற்று. 1961-ல் சர்க்கார் வகுத்த எண்ணெய்த் திட்டத்தின்படி, ஆட்டவா நதிப் பள்ளத்தாக்குக்கு மேற்கே கனடாவின் எண்ணெய், கிழக்கே அந்நிய எண்ணெய் என்று தேசம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. வெளிநாட்டு எண்ணெய் மலிவாகக் கிடைத்த காலத்தில் இது புத்திசாலித்தனமாகத் தோன்றிற்று.

1973 அக்டோபரில் அரபு தேசங்கள் எண்ணெயை நிறுத்தி விலையை உயர்த்தியபோது உண்மை வெளிப்பட்டது. மேற்கே எண்ணெய் நிறைந்து கிடக்க, கிழக்கே மாண்ட்ரீல் நகரத்தார் குளிர்காலத்தில் அடுப்பெரியுமா என்று கவலைப்பட வேண்டியதாயிற்று. பின்னரே சார்னியாவிலிருந்து மாண்ட்ரீலுக்குக் குழாய் அமைத்தார்கள். அது 1976-ல் முடிந்தது. ஒன்பதாம் நெம்பர் குழாய் என்று பெயர். பயம் தெளிந்த பின், 1999-ல், அதே குழாயைத் திருப்பி, அந்நிய எண்ணெய் மாண்ட்ரீலிலிருந்து மேற்கே போகும்படி செய்தார்கள். 2015-ல் மீண்டும் கிழக்கு நோக்கித் திருப்பினார்கள். ஒரே குழாய் இருமுறை முகம் மாறிய இந்தக் கதை, தேசப் பாதுகாப்பை அன்றன்றைய சந்தை விலைக்கு விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதற்குச் சாட்சி. வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும் என்பது நம்மவர் வாக்கு. வெள்ளம் வடிந்ததும் அணையைப் பெயர்த்தெடுப்பது எந்த நீதியில் சேரும்?

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒன்பதாம் நெம்பர் குழாய் கனடாவின் மண்ணில் ஓடினாலும், அதற்கு எண்ணெய் கொண்டுவரும் குழாய்கள் அமெரிக்க மண்ணைக் கடந்தே வருகின்றன. தினம் 5,40,000 பீப்பாய் கொள்ளும் ஐந்தாம் நெம்பர் குழாயை மூடும்படி 2020 நவம்பரில் மிச்சிகன் ராஜ்யத்தின் கவர்னர் உத்தரவிட்டார். மாக்கினாக் ஜலசந்தியின் அடியில் கிடக்கும் அக்குழாயை 2018-ல் ஒரு கப்பலின் நங்கூரம் தாக்கியிருந்தது. ஏரி நீர் கெட்டுவிடும் என்று அந்த ராஜ்யத்து ஜனங்கள் அஞ்சியது நியாயமான பயமே. தங்கள் நீரைக் காப்பது அவர்கள் கடமை. ஆனால் ஒன்டாரியோவும் கியூபெக்கும் தங்கள் எண்ணெய்க்காக, தாங்கள் வோட்டளிக்காத ஒரு கவர்னரின் தீர்மானத்தை எதிர்நோக்கி நிற்க நேர்ந்ததே, அதுதான் விசாரத்துக்குரியது. டொராண்டோவிலும் ஸ்கார்பரோவிலும் குடியேறி வாழும் நம் தமிழ் மக்களும் அந்த ஜனங்களில் அடக்கம். கனடா சர்க்கார் 1977-ம் வருஷத்திய குழாய் உடன்படிக்கையைக் காட்டி, 2021 அக்டோபரில் அமெரிக்க மத்திய சர்க்காரிடம் முறையிட்டது. சொந்த எண்ணெயைச் சொந்த ஜனங்களுக்குக் கொண்டுபோக அந்நிய சர்க்காரிடம் மனுப் போடுவது சுதந்தர தேசத்துக்கு அழகாகுமா?

இவ்வளவுக்குப் பின்னும் சந்தேகம் இருந்தவர்களுக்கு 2025 மார்ச் மாதம் தெளிவு பிறந்தது. ஜனாதிபதி டிரம்ப் கனடாவின் சரக்குகளுக்கு 25 சதவிகிதமும், எண்ணெய் முதலிய எரிபொருள்களுக்கு 10 சதவிகிதமும் தீர்வை விதித்தார். வட அமெரிக்க வியாபார உடன்படிக்கைக்கு இணங்கிய சரக்குகளுக்குச் சில நாட்களிலேயே விலக்கு அளிக்கப்பட்டது வாஸ்தவம். ஆனால் விலக்கு அளிக்கும் கை எதுவோ, அதுவே விதிக்கும் கையும். சிநேகம் உள்ளவரையில் ஒற்றை வாசல் சௌகரியமாகவே இருக்கும். சிநேகம் சற்றுக் கசந்தால்தான் அது சிறைக் கதவாகத் தெரியும்.

கனடா வேறு வாசல் தேடவே இல்லையா எனில், தேடிற்று. ஆல்பர்ட்டாவிலிருந்து பஸிபிக் கரையில் கிட்டிமாட் வரையில் வடக்கு வாசல் என்ற பெயரில் வகுத்த குழாய்த் திட்டத்துக்கு 2014-ல் அனுமதி கிடைத்தது. பூர்வகுடிகளைச் சரிவரக் கலந்தாலோசிக்கவில்லை என்று 2016 ஜூனில் மத்திய அப்பீல் கோர்ட்டு அதை ரத்து செய்தது. அவ்வருஷக் கடைசியில் சர்க்காரே கைவிட்டது. கிழக்கே நியூ பிரன்ஸ்விக் மாகாணத்துச் செயின்ட் ஜான் துறைமுகம் வரையில் ஏறக்குறைய 2,800 மைல் செல்லவிருந்த குழாய், தினம் 11 லட்சம் பீப்பாய் கொண்டுபோயிருக்கும். அதைக் கம்பெனியே 2017 அக்டோபரில் கைவிட்டது. தெற்கே செல்லும் கீஸ்டோன் எக்ஸ்.எல். குழாயின் கதை இன்னும் விசித்திரமானது. 2015-ல் ஜனாதிபதி ஒபாமா மறுத்தார். 2017-ல் ஜனாதிபதி டிரம்ப் அனுமதித்தார். 2021 ஜனவரியில் ஜனாதிபதி பைடன் பதவியேற்ற அன்றே ரத்து செய்தார். அதில் பணம் போட்டிருந்த ஆல்பர்ட்டா மாகாணம் சுமார் 130 கோடி டாலரை இழந்தது. மும்முறையும் தீர்மானித்தது வாஷிங்டன். நஷ்டத்தைச் சுமந்தது எட்மண்டன்.

குழாயைத் தடுத்துவிட்டால் எண்ணெய் பூமியிலேயே தங்கிவிடும் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. அனுபவம் அவ்வாறு காட்டவில்லை. குழாயில் இடமில்லாதபோது எண்ணெய் ரயில் ஏறிற்று. 2020-ம் வருஷ ஆரம்பத்தில் தினம் 4 லட்சம் பீப்பாய் அளவுக்குக் கனடாவின் எண்ணெய் ரயிலில் வெளியே சென்றது. ரயிலில் செலவும் அதிகம், அபாயமும் அதிகம். 2013 ஜூலை 6-ந் தேதி நடுநிசியில் கியூபெக் மாகாணத்து லாக் மெகாண்டிக் என்னும் சிற்றூரில், ஓட்டுபவர் இன்றி உருண்டு வந்த எண்ணெய் ரயில் கவிழ்ந்து தீப்பற்றியது. ஊரின் நடுப்பாகம் சாம்பலாயிற்று. 47 பேர் மாண்டார்கள். அந்த எண்ணெய் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் எடுத்து, செயின்ட் ஜான் சுத்திகரிப்பு ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தது. கனடாவின் மிகப் பெரிய ஆலையாகிய அது, தினம் 3,20,000 பீப்பாய் சுத்திசெய்யும் சக்தியுடையது. சொந்த தேசத்தின் மேற்கிலிருந்து குழாய் இல்லாததால் கடல்வழியாக வரும் அந்நிய எண்ணெயையே பெரும்பாலும் நம்பியிருக்கிறது. லாக் மெகாண்டிக்கில் இறந்தவர்கள் எவரும் குழாய் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ அபிப்பிராயம் கேட்கப்பட்டவர்கள் அல்லர்.

இனி, முடிந்த காரியம் ஒன்றைப் பார்ப்போம். எட்மண்டனிலிருந்து வான்கூவருக்கு அருகிலுள்ள பர்னபி துறைமுகம் வரையில் 1953 முதல் ஒரு குழாய் மலைகளைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தது. சுமார் 715 மைல் நீளம். தினம் 3 லட்சம் பீப்பாய் அளவு. அதன் பக்கத்திலேயே மற்றொன்று போட 2013-ல் மனுச் செய்த கம்பெனி, எதிர்ப்பையும் வழக்குகளையும் கண்டு பின்வாங்கியது. 2018-ல் மத்திய சர்க்கார் அதை 450 கோடி டாலருக்கு விலைக்கு வாங்கிற்று. புதிய குழாய் 2024 மே 1-ந் தேதி திறக்கப்பட்டது. இரண்டும் சேர்ந்து தினம் 8,90,000 பீப்பாய் கொள்ளும். முன்பு மாதம் ஐந்து கப்பல் வந்துகொண்டிருந்த துறையில் இப்போது 34 கப்பல் வரை ஏற்ற வசதி ஏற்பட்டிருக்கிறது. சீனா முதலிய ஆசிய தேசங்கள் நேராக வாங்கலாயின. 2023-ல் பீப்பாய்க்குச் சுமார் 18 டாலராக இருந்த விலை வித்தியாசம் 2025-ல் 10 டாலரை ஒட்டிச் சுருங்கியது. இதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் குழாயே பிரதான காரணம் என்பதில் ஐயமில்லை. பர்னபியிலிருந்து போகும் கப்பல்களில் ஒரு பகுதி கலிபோர்னியாவுக்கே செல்கிறது என்று சிலர் பரிகசிக்கிறார்கள். அதில் தவறில்லை. இரண்டாவது வாசல் இருக்கிறது என்ற அறிவே முதல் வாசலில் நிற்பவனை மரியாதையாகப் பேசச் செய்கிறது.

ஆட்சேபங்களுக்கு வருவோம். முதலாவது செலவு. 2013-ல் 540 கோடி டாலர் என்று மதிப்பிட்ட வேலை 3,400 கோடி டாலரில் முடிந்தது. இந்த முதலீட்டால் சர்க்காருக்கு நஷ்டமே என்று பார்லிமெண்டின் வரவு செலவு ஆய்வு அதிகாரி 2022-ல் கணக்கிட்டார். இதை மறைக்கவோ மழுப்பவோ நாம் விரும்பவில்லை. ஆனால் ரஸ்தாவின் லாபத்தைச் சுங்கச் சாவடியின் பெட்டியில் மாத்திரம் எண்ணக்கூடாது. குழாய்க்காரருக்கு வரும் கூலி ஒன்று. தேசம் விற்கும் ஒவ்வொரு பீப்பாய்க்கும், தெற்கே போகும் பீப்பாய் உள்பட, உயர்ந்த விலை மற்றொன்று. முன் காட்டிய கணக்குப்படி ஐந்து டாலர் உயர்ந்தால் வருஷம் 550 கோடி. சில வருஷங்களில் முழுச் செலவும் தேசத்துக்குத் திரும்பி வந்துவிடும். எனினும் செலவு ஆறு மடங்காக ஏறியதற்கு யார் பொறுப்பு என்ற விசாரணையும் அவசியம். அடுத்த குழாயை இதே விதமாகக் கட்டினால் எந்தத் தேசத்தின் கஜானாவும் தாங்காது. 2025-ம் வருஷத்து ஒப்பந்தம் ஏற்பட்டபோது, புதிய குழாயைக் கட்ட ஒரு கம்பெனியும் முன்வந்திருக்கவில்லை. மாகாண சர்க்காரே மனுதாரராக நின்றது. இது ஓர் எச்சரிக்கை.

இரண்டாவது, கசிவு. 2010 ஜூலையில் மிச்சிகன் ராஜ்யத்தில் ஒரு குழாய் வெடித்துச் சுமார் 20,000 பீப்பாய் கனத்த எண்ணெய் கலமாசூ நதியில் கலந்தது. பதினேழு மணி நேரம் வரையில் குழாய்க்காரர்கள் அதை அறியவே இல்லை. கடலோர மக்கள் 1989-ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் பாறையில் மோதிய கொடுமையை இன்னும் மறக்கவில்லை. மீன் பிடித்து வாழும் ஜனங்களுக்குக் கடலே வயல். அதில் எண்ணெய் படிந்தால் அவர்களுக்கு நஷ்ட ஈடாக எதைக் கொடுத்தும் ஈடாகாது. வட பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையில் பெரிய எண்ணெய்க் கப்பல்களை 2019-ம் வருஷச் சட்டம் விலக்கியிருப்பது இந்த அச்சத்தினாலேயே. குழாயே அபாயமற்றது என்று நாம் சொல்லவில்லை. ரயிலோடு ஒப்பிட்டால் அபாயம் குறைவு என்கிறோம். காவலும், உடனே மூடும் சாதனமும், கசிவுக்கு முழுப் பொறுப்பு ஏற்கும் சட்டமும் இல்லாத குழாய்க்கு அனுமதி கொடுக்கலாகாது.

மூன்றாவது ஆட்சேபமே மிக முக்கியமானது. குழாய் செல்லும் பூமி பூர்வகுடி மக்களின் முன்னோர் பூமி. அவர்களைக் கேளாமல் வரைந்த கோடுகளைக் கோர்ட்டுகள் அழித்தன. 2016-ல் வடக்குக் குழாய்க்கு நேர்ந்ததே 2018 ஆகஸ்டில் பர்னபிக் குழாய்க்கும் நேர்ந்தது. மீண்டும் கலந்தாலோசித்து 2019 ஜூனில்தான் மறு அனுமதி கிடைத்தது. தேசத்தின் சுதந்தரம் என்ற பெயரால், அத்தேசத்தின் முதற்குடிகளின் உரிமையை மிதிப்பது முரண். அந்நியன் பேனா நம் எண்ணெயைத் தடுக்கலாகாது என்று கேட்கிறவர்கள், தங்கள் பேனா பூர்வகுடிகளின் பூமியைக் கிழிக்கலாம் என்று எண்ணலாமா? நியாயத்தை விட்டு வெறும் சாமர்த்தியத்தைப் பார்த்தாலும் கணக்கு அதுவே. சம்மதம் பெறச் செலவாகும் ஒரு வருஷம், வழக்காடக் கழியும் ஐந்து வருஷத்தைவிட மலிவு. குழாயில் அவர்களுக்குச் சொத்துரிமையான பங்கு கொடுத்து, வழியைத் தீர்மானிக்கும் சபையில் ஆசனமும் கொடுத்தால், எல்லோரும் இணங்காவிடினும் பலர் இணங்குவர். முன்பே சில சமூகங்கள் பங்குதாரராக முன்வந்ததுண்டு.

நான்காவது, பூமியின் உஷ்ணம் ஏறுகிறது. எண்ணெயின் காலம் முடியப்போகிறது. இப்போது குழாய் எதற்கு என்பது. உஷ்ணம் ஏறுவது உண்மை. எண்ணெயை உலகம் குறைத்தே தீரவேண்டும் என்பதும் உண்மை. கனடா விற்காவிடில் உலகம் எண்ணெய் எரிப்பதை நிறுத்திவிடும் என்பது மாத்திரம் உண்மையன்று, வேறொருவர் விற்பார். தேவை குறையும் காலத்தில் முதலில் வீழ்பவன் யார்? ஒரே ஒருவனிடம் விற்று, அவன் சொன்ன விலைக்குக் கட்டுப்பட்டவனே. மாற்றத்துக்கு வேண்டிய பொருளைத் தேடுவதற்கும் இன்று நியாயமான விலை வேண்டும். ஆனால் நாற்பது வருஷம் உழைக்கவேண்டிய குழாயை, நாற்பது வருஷத் தேவை நிச்சயம் என்று எண்ணிக் கட்டலாகாது. எண்ணெய் எடுப்பவர்கள் இத்தனை பீப்பாய் இத்தனை காலம் அனுப்புவோம் என்று முன்கூட்டியே பிணையெழுதிக் கொடுத்த அளவுக்கே கட்டவேண்டும். புகையைக் குறைப்பதாக 2025-ம் வருஷத்து ஒப்பந்தத்தில் கொடுத்திருக்கும் வாக்கையும் குழாயோடு சேர்த்தே நிறைவேற்றவேண்டும்.

நம் தேசத்துக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. கனடா விற்கும் தேசம்; நாம் வாங்கும் தேசம். நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் கப்பலில் வருகிறது. விற்பவனுக்கு ஒரே வாசல் எவ்வளவு ஆபத்தோ, வாங்குபவனுக்கும் அவ்வளவு ஆபத்து. பஸிபிக் கரையில் ஒரு புதிய கடை திறந்தால், நாம் அங்கே வாங்கினாலும் வாங்காவிட்டாலும், மற்றக் கடைக்காரர்கள் நம்மிடம் பேசும் தொனி மாறும். ஆகையால் அந்தக் குழாயின் கதி நமக்கு வெறும் வேடிக்கையன்று.

1950-ல் கனடா ஒரு சிக்கனம் செய்தது. வடக்கே பாறையை உடைக்கும் செலவை மிச்சப்படுத்தித் தெற்கே வளைந்தது. அந்த மிச்சத்துக்கு எழுபது வருஷமாக வட்டி கட்டி வருகிறது. விலையில் கட்டியது, 1973-ல் பயத்தில் கட்டியது, 2020-ல் கவர்னர் வாசலிலும் 2025-ல் ஜனாதிபதி வாசலிலும் காத்து நின்று கட்டியது. கிழக்கேயும் மேற்கேயும் சொந்த மண்ணில் வழி அமைத்து அக்கடனைத் தீர்ப்பதே விவேகம். 1956-ல் மிஸ்டர் ஹௌ கொண்டிருந்த உறுதி அதற்கு வேண்டும். அவர் கையாண்ட அவசரமும் பலாத்காரமும் வேண்டா. வழியிலுள்ள ஜனங்களின் சம்மதத்தோடு கட்டிய குழாய் எத்தனை சர்க்கார் மாறினாலும் நிலைக்கும். சம்மதமின்றிக் கட்டத் துணிந்தால், மூன்று குழாய்களைத் தின்ற கடிதக் கட்டுகளில் நான்காவதும் போய்ச் சேரும். ஆட்டவாவும் எட்மண்டனும் கையெழுத்திட்டாயிற்று. இனி, அந்தக் கையெழுத்தில் சேரவேண்டியவர்கள் கடற்கரையில் இருக்கிறார்கள். மந்திரிகள் அவர்களைத் தேடிப் போகவேண்டும்.